மாவு விரல்

துலூத் நகரில் மணி மூன்று.
ஏரி உறைந்து கிடக்கிறது,
அடுப்பு மட்டும் விழித்திருக்கிறது.
லெம்பி ஹாரனென் ரை மாவு பிசைகிறாள்.
அலமாரியில், ஈஸ்ட் டப்பாமேல் சாய்ந்தபடி
அவளுக்கென்றே பாடும் இணைய வானொலி.

அறிவிப்பாளர் கிடையாது. முன்பின் யோசனையும் கிடையாது.
பல்கேரியப் பெண்கள் மலைக்கு மலை கூவி முடித்த கையோடு
இருமிக்கொண்டே ஒரு ஜாஸ் டிரம்பெட்.
பிறகு, யார் கேட்டதோ,
மங்கோலியன் ஒருவன்,
ஒரே தொண்டையில் இரண்டு குரல்.

அவள்தான் கேட்டாள், ஒருவகையில்.
போன டிசம்பரில் அவன் வாயை அடைக்க நீட்டிய விரல்
மாவில் வழுக்கி
இதயக் குறியில் பட்டுவிட்டது.
அன்று பிடித்தது:
உங்களுக்குப் பிடிக்குமே, உங்களுக்குப் பிடிக்குமே என்று
அவனுடைய ஒன்றுவிட்ட அண்ணன் தம்பிகளையெல்லாம்
வானொலி கூட்டிக்கொண்டு வருகிறது.

திருத்தலாம். இரண்டு தட்டு தட்டினால் போதும்.
கைதான் எப்போதும் மாவாக இருக்கிறது.

இன்று நாலரைக்கு, தட்டுகளை ஏற்ற வந்த டுவெய்ன்
பனியை உதறிக்கொண்டே கேட்டான்:
"யாரது, வாளிக்குள் வாய் கொப்பளிப்பது?"

லெம்பிக்குச் சுருக்கென்றது.
"கதவைச் சாத்து," என்றாள்.
"கொஞ்சம் பொறு,
இனிமேல்தான் குதிரை வரும்."