சில்லறை

ரெண்டு நாள் பார்த்துக்கோடி என்று
ஷப்ரீன் வைத்துவிட்டுப் போன கூண்டு
பதினோரு வாரமாக என் கட்டிலடியில்.
கிருஷ்ணகிரி, ராயக்கோட்டை சாலை, மாடி அறை.
அவள் பங்கு வாடகை நின்றுபோயிற்று.
இதன் சக்கரம் மட்டும் நிற்பதில்லை.

ஹாம்ஸ்டர் என்றாள்.
எலிதானே என்றேன்.
எலி என்றால் வால் எங்கே, காட்டு என்றாள்.
தேடினேன். இருந்தது,
அவசரத்தில் வைத்த
மெய்யெழுத்துப் புள்ளியளவு.

பஸ்ஸுக்கு எடுத்துவைக்கும் காசின் கனம்தான்.
சில்லறை என்று கூப்பிட ஆரம்பித்தது நான்.

முதல் நாள் மேலிருந்து கை நீட்டினேன்.
அதற்கு அது கை இல்லை,
அணைக்கட்டின் மேல் வட்டமிடும் பருந்து.
மரத்தூளுக்குள் புதைந்துகொண்டது.

அப்புறம் மாம்பழ சீசன்.
கூழ் ஆலையில் எட்டு மணி நேரம்
பெங்களூரா நறுக்கி நறுக்கி
பத்து விரலும் பழமாகி வந்து
அப்படியே நீட்டினேன்.
கடிக்காமல் என்ன செய்யும்?
பழத்தைத்தான் கடித்தது.
நடுவில் நான் இருந்தேன்.

உதறப் பார்த்தேன்.
உதறியிருந்தால் எதிர்ச்சுவர்.
எங்கள் கன்வேயரில் ஒரு மஞ்சள் பலகை:
கை சிக்கினால் இழுக்காதீர்.
இழுக்கவில்லை.
கையோடு அதையும் தரையில் இறக்கினேன்.
தானாக விட்டது.
யார் நடுக்கம் யாருக்குத் தொற்றியதோ,
இரண்டு பேரும் கொஞ்ச நேரம் அசையவில்லை.

என்ன கடிச்சது என்றார் நர்ஸ்.
எலி.
வீட்டு எலியா, வயல் எலியா?
வளர்க்கிறது என்றேன்.
ஊசியைக் கையில் வைத்துக்கொண்டே
என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார்.

வாசனையில்லாத சோப்பு கேட்டு
ரவுண்டானா பக்கம் மூன்று கடை ஏறினேன்.
வாசனை வேண்டாம்னா எதுக்கும்மா சோப்பு
என்று கேட்டவரிடமே கடைசியில் கிடைத்தது.

இப்போதெல்லாம் தூங்கும்போது தொடுவதில்லை.
ஷிப்ட் முடிந்து வரும்போது அதுவே எழுந்திருக்கும்.
கூண்டை நகத்தால் தட்டுவேன்,
அடுத்த வீட்டுக் கதவைத் தட்டுவதுபோல.
தரையில் சம்மணம். விழுந்தால் மடி.
குழாயடியில் தண்ணீர் ஏந்துகிற மாதிரி
இரண்டு கையும் சேர்த்து, தாழ்த்தி,
பக்கத்திலிருந்து.
பிடிப்பதில்லை.
சில நாள் வராது. அன்றைக்குச் சோறு ஆறிப்போகும்.
வந்தால் உள்ளங்கையில் ஒரு நெஞ்சு
தையல் மெஷின் போல் ஓடும்.
இறுக்கினால் நின்றுவிடும்,
தளர்த்தினால் குதித்துவிடும்.
இரண்டுக்கும் நடுவில் ஒரு பலம் இருப்பது
என் கைக்கு
இருபத்தொன்பது வயதில்தான் தெரிந்தது.

நேற்று ராத்திரி ஷப்ரீன் போன்.
வேலை நிரந்தரமாகிவிட்டதாம்,
ஞாயிற்றுக்கிழமை வந்து எடுத்துக்கட்டுமா?
கைக்கு வருதா இப்போ?

எங்கடி, இன்னும் கடிக்குது என்றேன்.
ஒரு மாசம் போகட்டும்.

துப்பட்டா மடிப்புக்குள் சில்லறை
ஒரு சூரியகாந்தி விதையைக்
கன்னத்துக்குள் ஒளித்துக்கொண்டிருந்தது.
நானும்.