நோக்கத்துக்கேற்ற பயன்பாடு

சாமி வரம் கொடுத்தாலும்
பூசாரி கொடுக்கமாட்டான் என்பார்களே,
அந்தப் பூசாரி நான்தான்.
ஹாகன் நகராட்சி, மூன்றாம் மாடி,
மானியக் கணக்குப் பிரிவு.
சாமிகூட ஒன்றில்லை.
மூன்றில் ஒரு பங்கு கூட்டரசு,
ஒரு பங்கு மாநிலம்,
மிச்சத்தை மூச்சைப் பிடித்துக்கொண்டு
நாங்கள் போடுகிறோம்.

நவம்பர்வரை யாரும் கேட்பதில்லை.
டிசம்பரில் எல்லாத் தொலைபேசியும் ஒன்றாக அடிக்கும்:
செலவழியாத பணம் நாள் கடந்த பால்,
திரும்பி ஊற்றிவிட வேண்டும்.

நூர்தன் அக்சாகல் எழுதிய விண்ணப்பம்
ஒரே வரி:
'முற்றத்தில் பெஞ்சு. நாலு பேர் உட்கார.'
நான் திருத்தி எழுதினேன்:
'குடியிருப்புப் பகுதியில்
அயலவர் சந்திப்பை ஊக்குவித்தல்.'
படித்துப் பார்த்தாள்.
'ஆமாம்' என்றாள், 'உட்கார.'

பலகை ஆறு. திருகாணி ஒரு பெட்டி.
சிமெண்ட் இரண்டு மூட்டை.
ஆளிவிதை எண்ணெய்.
ஆப்பிள் கேக், பதினெட்டு யூரோ நாற்பது.
கேக்கை அடித்தேன்.
தகுதியற்ற செலவு.
'கேக் இல்லாமல்
எவன் வருவான் சனிக்கிழமை
சிமெண்ட் குழைக்க?'
அந்தக் கேள்விக்குப் படிவத்தில் கட்டம் இல்லை.

மீதி நாற்பத்துமூன்று யூரோ பதினேழு சென்ட்.
திருப்பிக் கேட்டுக் கடிதம் போட்டேன்.
அதை எழுதிய நேரத்துக்கு
என் சம்பளம் அதைவிட அதிகம்.

விதி சொல்கிறது:
பெஞ்சு பத்து வருடம்
பெஞ்சாகவே இருக்க வேண்டும்.
வருடம் ஒருமுறை போய்ப் படம் எடுக்க வேண்டும்.

முதல் வருடம் வெயில், எண்ணெய் மினுங்கியது.
இரண்டாம் வருடம் பனி;
பெஞ்சு இருக்குமிடத்தில்
பெஞ்சு அளவுக்கு ஒரு மேடு.
மூன்றாம் வருடம்
நீளத்துக்கு ஒருவர் படுத்திருந்தார்,
சப்பாத்தைத் தலைக்கு வைத்து.

அனுமதியில்லாமல் ஆளைப் படம் எடுக்கக்கூடாது.
எழும்வரை நின்றேன்.
கை விறைத்தது.
படிவத்தைப் பார்த்தேன்:
நோக்கத்துக்கேற்பப் பயன்படுகிறதா?
ஆம். இல்லை.
தூக்கத்துக்கும் கட்டம் இல்லை.

கண் திறந்தார்.
'ஒழுங்குத் துறையா?'
'இல்லை, கணக்குப் பிரிவு.'
'அப்படியானால் இன்னும் மோசம்'
என்று சொல்லி
கால்களை மடக்கி
எனக்கு இடம் விட்டார்.

உட்கார்ந்தேன்.
நாலு பேருக்குப் போட்ட பலகையில் இரண்டு பேர்.
மேலே யாரோ கம்பளம் தட்டினார்கள்.
அவர் மழை வரும் என்றார்.
நான் வராது என்றேன்.
வந்தது.

எடுத்த படத்தில்
என் இரண்டு முழங்கால்,
ஈரத் தரை,
ஓரமாக ஒரு பலகையின் முனை.
'ஆம்' என்று குறியிட்டுக்
கோப்பில் சேர்த்தேன்.

போன வாரம்
மேலிடத் தணிக்கையிலிருந்து குறிப்பு வந்திருக்கிறது:
'மூன்றாம் ஆண்டுப் படத்தில்
பெஞ்சு சரியாகத் தெரியவில்லை.
விளக்கம் தரவும்.'

பதினான்கு நாள் அவகாசம்.
இன்று பன்னிரண்டு.