பதினெட்டுத் தவணை

பதினெட்டுத் தவணையில் வாங்கினோம் அந்த வாஷிங் மெஷினை.
அடுத்த வருஷம் குழாய் வந்துவிடும் என்று
ஓட்டுக் கேட்டு வந்தவர் ஒலிபெருக்கியில் சொல்லியிருந்தார்.
எவாரிஸ்தோ அதைக் கயிறு கட்டி முதுகில் ஏற்றி
முந்நூற்றுப் பன்னிரண்டு மஞ்சள் படி சுமந்தார்.
மேலே வந்து, மூச்சு வாங்கி, மூடியைத் திறந்து,
"உள்ளே என் முகமே தெரிகிறது நெலிதா" என்றார்.

லிமாவின் இந்தக் குன்றில் மழை என்று ஒன்று இல்லை.
மே பிறந்தால் மூடுபனி.
துணியை நனைக்கும், வாளியை நிரப்பாது.
செவ்வாயும் வெள்ளியும் தண்ணீர் லாரி
அடிவாரத்தில் ஹார்ன் அடிக்கும்.
கீழே குழாய் உள்ள வீடுகளில் இதே தண்ணீர்
என்ன விலை என்று நான் கணக்குப் பார்ப்பதில்லை.
கோபத்தோடு படி ஏற முடியாது.

தோட்டம் என்றால்,
சுவருக்கும் பாறைக்கும் நடுவே
நான் பக்கவாட்டில் நிற்கும் அகலம்.
பெயிண்ட் வாளியில் வெங்காயத்தாள்.
வழுக்கை விழுந்த டயரில் கொத்தமல்லி.
உடைந்த ஹெல்மெட்டில் தக்காளி போட்டேன்,
எறும்புதான் விளைந்தது.
மகளுக்குச் சிறுத்துப்போன ரப்பர் பூட்ஸில்
இடது கால் மிளகாய் காய்த்தது,
வலது கால் ஏனோ காய்க்கவில்லை.

கடைசித் தவணை கட்டிய மாதம்
ஸ்குரு டிரைவரை எடுத்தேன்.
ஒரு சட்டைகூடத் துவைக்காத தொட்டி
பளபளவென்று கையோடு வந்தது.
துருப்பிடிக்காத எஃகு. சுற்றிலும் துளை, துளை, துளை,
வேருக்கு மூச்சுவிட யாரோ அளந்து போட்டதுபோல.
மலைமண், சந்தையில் பொறுக்கிய தோல்கள்,
பக்கத்து வீட்டுத் திமோத்தெயாவின் கினிப்பன்றிப் புழுக்கை.
மூன்று பூசணி விதை.
எவாரிஸ்தோ இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

அரிசி களைந்த நீர் மிளகாய்க்கு,
முகம் கழுவிய நீர் கொத்தமல்லிக்கு,
பாத்திரம் கழுவியது, கொழுப்பை வடித்துப் பூசணிக்கு.
எங்கள் வீட்டில் தண்ணீர்
ஒரு வேலை செய்து ஓய்ந்ததில்லை.

கொடி தகரம் ஏறியது, தகரம் தாண்டியது,
திமோத்தெயாவின் துணிக்கொடியைச் சுற்றியது.
"உன் பூசணி என் உள்பாவாடையைக்
கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்கிறது" என்று வந்து நின்றாள்.
காய்த்தால் பாதி உனக்கு என்றேன்.
துணிகளை மறுபக்கம் தள்ளிப் போட்டுக்கொண்டாள்.

பிறகு, யாரும் எதிர்பாராத ஒரு ஆகஸ்டில்,
வந்தேவிட்டது குழாய்.
முதலில் இருமியது, பிறகு செம்மண்ணாய்த் துப்பியது,
பிறகு தண்ணீர்.
குன்றே பாத்திரம் தட்டிக் கத்தியது.
எவாரிஸ்தோ வெற்றுப் பெட்டியிலிருந்து
உருளைக்கிழங்கையெல்லாம் வெளியே எடுத்து
ஈரத்துணியால் துடைத்தார்.
"தொட்டியைக் கொடு. இன்றைக்கே பூட்டிவிடலாம்."

தொட்டியில் ஏழு மஞ்சள் பூ.
ஒரு பூவின் பின்னால் முஷ்டி அளவு பிஞ்சு.
"காம்பு காயட்டும்" என்றேன்.
"எப்போது காயும்?"
"காய்கிறபோது."
ரசீதுகளை எடுத்து வைத்துக்கொண்டு
படியில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக எண்ணினார்.
பதினெட்டும் இருந்தது.

அவர் சட்டையைக் குழாயடியில் கையாலேயே துவைத்தேன்.
கீழே பேசின் வைக்காமல்
குழாயைத் திறக்க வரவில்லை எனக்கு.
மூடினேன். போய்விட்டதோ என்று
மறுபடி திறந்து பார்த்தேன்.

தகரத்துக்கு அப்பாலிருந்து குரல்:
"நெலிதா, பாதி என்றாயே,
பூ இருக்கும் பாதியா, காம்பு இருக்கும் பாதியா?"