ஐந்து மணி வரை

தண்டையார்பேட்டை, தணிகை ஜெராக்ஸ்.
காலையிலிருந்து பதினேழு பேருக்கு
மருத்துவக் கலந்தாய்வு விண்ணப்பம் போட்டுக் கொடுத்தாயிற்று.
ஆளுக்கு ஐம்பது ரூபாய், ஸ்கேன் தனி.
பதினெட்டாவது என்னுடையது.
திரையின் அடியில் சுருங்கிக் கிடக்கிறது
புதன்கிழமையிலிருந்து.

பெயர்: ஜெசிந்தா ச.
தந்தை: சகாயநாதன்.
மதிப்பெண்: 437.
இந்த எண்ணை நான்கு முறை அடித்து
நான்கு முறை அழித்தேன்,
நான் அழித்தால் அது இல்லாமல் போய்விடும் என்பதுபோல.

போன வருஷத்துக் கட்-ஆஃப்
எங்கள் தெருவில் பால்காரருக்கும் மனப்பாடம்.
இருபத்து மூன்று குறைகிறது.
இருபத்து மூன்று என்பது ஆறு கேள்வி.
அதில் ஒன்று சிறுநீரகத்தைப் பற்றியது.
சரியான வட்டத்தின் மேல் பேனாவை வைத்துவிட்டு
பக்கத்து வட்டத்துக்கு நகர்த்தினேன்.
ஏன் என்று எல்லோரும் கேட்டாயிற்று.
கை நகர்ந்தது, அவ்வளவுதான்.

முபீனா சொல்கிறாள்:
'இன்னொரு வருஷம் சேர்ந்தே படிப்போம்டி.'
அவள் அப்பாவுக்கு மண்ணடியில் இரண்டு கடை.
சித்தி, பிலிப்பைன்ஸ் போன யாரோ ஒருவனின் நம்பரை
மூன்று தடவை அனுப்பிவிட்டாள்.
ராணி மேரியில் விலங்கியல் கிடைத்திருக்கிறது,
திங்களுக்குள் பணம் கட்ட வேண்டும்.

அப்பா மட்டும் ஒன்றும் சொல்லவில்லை.
எண்ணூர் சாலையில் கன்டெய்னர் வரிசை நகராத நேரம் பார்த்து
போன் போட்டு, 'சாப்ட்டியா?' என்கிறார்.
நேற்று ஐந்து தடவை.

இடது காலில் நான்கு விரல்களோடு கிளட்ச் மிதிப்பவர்.
ஐந்தாவதை ஸ்டான்லியில் எடுத்தபிறகு
கட்டு மாற்றும் நாளில்
பயிற்சி டாக்டர் என்னைப் பார்த்து
'குதிகாலைத் தூக்கிப் பிடிம்மா' என்றார்.
அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.
நான் பார்த்தேன்.
காசிமேட்டில் மீன் வாங்கும்போது
செவுளைத் தூக்கிப் பார்ப்போமே, அந்தச் சிவப்பு.
கெட்டுப் போகவில்லை என்று எனக்கே தெரிந்தது.
டாக்டரும் அதையே சொன்னார்.
சேவை, லட்சியம் என்றெல்லாம்
பள்ளி மேடையில் பேசியிருக்கிறேன்.
உண்மையில்
எனக்கு இருப்பது இந்தக் கால் மணி நேரம்தான்.

நாலு இருபத்தைந்து.
வியர்த்து ஒழுக ஓர் அம்மாவும் பையனும்.
சாதிச் சான்றிதழ் நான்காய் மடிந்து, மடிப்பில் கிழிந்து.
பெயர் லோகபிரியன். மதிப்பெண் 398.
ஓடிபி வரவில்லை, பிறகு இரண்டாக வந்தது.
கையெழுத்துப் படம் பெரிதாக இருந்தது, குறைத்தேன்.
பையன் தலை நிமிரவே இல்லை.
அம்மா கேட்டாள்:
'கெடைக்குமா பாப்பா?'

இந்த வாரம் முழுக்க
இதே கேள்விக்கு இதே பதில்,
வாய் தானாகவே சொல்லும்:
'போட்டு வைங்கம்மா.
போடாம எப்படி?'

பணத்தை எண்ணி வைத்துவிட்டு அவர்கள் போனார்கள்.
அவள் வாசலில் செருப்பைத் தேடும் சத்தம்.
தணிகை அண்ணன் ஷட்டர் கொக்கியை எடுத்து வைத்துக்கொண்டு
'முடிஞ்சதா?' என்றார்.
நாலு நாற்பத்தெட்டு.

என் புகைப்படம் அளவுக்கு மேல் இருந்தது.
குறைத்தேன்.
நான்கு, மூன்று, ஏழு. இந்தத் தடவை
திரையைப் பார்க்காமல் அடித்தேன்.
கட்டணத்துக்கு அம்மாவின் ஜிபே.
வட்டம் சுற்றியது, சுற்றியது,
சர்வருக்குத் தமிழ்நாடே வரிசையில் நின்றது.

பிறகு ஒரு பச்சை டிக்.
கிடைக்கும் என்று அர்த்தமில்லை.
திங்கட்கிழமை ராணி மேரியிலும் பணம் கட்டுவேன்.

பிரின்ட் எடுத்தேன், ஒரு பக்கம்.
கடை நோட்டில் என் பெயருக்கு நேரே
ஐந்து ரூபாய் என்று எழுதினேன்.
போன் அடித்தது.
'சாப்ட்டேன்பா' என்றேன்,
அவர் கேட்பதற்கு முன்பே.