நீகாட்டா அடகில் இருந்த நாட்கள்

நேசனின் ஃபைபர் போட் எஞ்சின் தண்ணீர் குடித்த வாரம்
நான்கு மாகாணங்களைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு
காசிமேட்டில் ஷேர் ஆட்டோ ஏறினேன்.
பக்கத்து அம்மா மடியில் வஞ்சிரம்,
என் மடியில் ஜப்பான்.

தங்கசாலையில் ஒரு காலத்தில் காசு அடித்தார்களாம்.
இப்போது கச்சோரி பொரிக்கிறார்கள்,
எவர்சில்வர் தட்டில் பேர் வெட்டித் தருகிறார்கள்.
மாடிப்படிக்குக் கீழே வெள்ளை மெத்தை விரித்து
புக்ராஜ் சேட் வட்டிக்கு விடுகிறார்.

"இன்னாமா இது, சாக்லேட்டு காசா?"
வண்ணத்தைப் பார்த்துக் கேட்டார்.

எப்படிச் சொல்வேன்,
மாகாணத்துக்கு ஒன்றாக வெள்ளிக்காசு அடிக்கலாம் என்று
ஒரு சர்க்கார் உட்கார்ந்து யோசித்ததை.
கிஃபுவுக்கு, ஆற்றில் மனிதனோடு மீன் பிடிக்கும் நீர்க்காகம்.
ஃபுகுயிக்கு டைனோசர். நம்புங்கள், டைனோசர்.
அவோமோரிக்கு ஆப்பிளோடு ஒரு திருவிழா.
நாற்பத்தேழு ஊர்,
ஊருக்கு ஒரு பெருமை;
திருப்பினால் எல்லாவற்றின் முதுகிலும்
அதே பனி, அதே நிலா, அதே பூ.

நாற்பத்தேழில் என்னிடம் பத்தொன்பது.
ஐஸ் ஃபேக்டரியில் பார் கணக்கு எழுதிய விரல்களால்
பதினோரு வருடம்
பர்மா பஜார் ஹமீது கனியிடம் பேரம் பேசியது.
புறாக் கூண்டடியில் நேசன் கூட்டாளிகளிடம் சொல்வது
மாடி வரைக்கும் கேட்கும்:
"ஊரு பாக்கக் காசு சேப்பாங்க.
இவ காசுல ஊரு சேக்குறா."

நீகாட்டாவை மட்டும் அவரே கேட்டு வாங்கிப் பார்ப்பார்.
தீவுக்கு மேலே சிறகு விரித்த அரிவாள் மூக்கன்.
ஹோமர் புறாவைப் பார்ப்பதுபோல்
கண்ணருகே பிடித்து, சாய்த்து,
"றெக்க நல்லா கீது.
ஆனா ரேஸுக்கு ஆவாது" என்பார்.

சேட் அரத்தை எடுத்தார்.
ஓரத்தில்தான் வைத்தார்.
நான் வாய் திறப்பதற்குள் அது வழுக்கியது,
நீகாட்டாவின் சிறகில்
நகம் பட்டதுபோல் ஒரு கோடு.

"அசல் வெள்ளிம்மா!"
அவருக்குத்தான் எவ்வளவு சந்தோஷம்.

நூற்றிருபத்து நான்கு புள்ளி நான்கு கிராம்.
நீர்க்காகத்துக்கும் டைனோசருக்கும் ஆப்பிளுக்கும்
எடை ஒன்றுதான், விலை ஒன்றுதான்.
சீட்டில் எழுதினார்:
வெள்ளி வில்லை. நான்கு. கலர்.

மூன்று மாதம்
ஆல்பத்தைத் திறக்கவில்லை என்று சொல்வேன்.
திறந்தேன். நான்கு குழி.
பல் விழுந்த இடத்தை நாக்கு தேடுவதுபோல்
கட்டை விரல் அங்கேயே போனது.

மத்தி கூட்டமாய் வந்த வாரம் மீட்டேன்.
வட்டியை எண்ணி முடித்துவிட்டு
சேட் தொண்டையைச் செருமினார்.
"கீறுனது எந்த ஊரும்மா?"
"நீகாட்டா."
"அங்க யாராச்சும் கோச்சுக்குவாங்களா?"
எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
அவருக்கு வரவில்லை, நிஜமாகவே கேட்டிருக்கிறார்.

ஹமீது கனி லென்ஸ் வைத்துப் பார்த்து
உதட்டைப் பிதுக்கினார்.
பாதி விலைகூடப் போகாது,
மேலே கொஞ்சம் போட்டால் கீறாததாய் மாற்றித் தருவாராம்.
பீச் ஸ்டேஷன் பாலம் ஏறும்வரை யோசித்தேன்.
ரயில் வந்தது. ஏறிவிட்டேன்.

ராத்திரி ட்யூப்லைட் வெளிச்சத்தில்
நேசன் அதைச் சாய்த்தார், நிமிர்த்தினார்,
சிறகுக் கோட்டை நகத்தால் தடவினார்.

"றெக்கைல சீல் குத்தியாச்சு.
இனி எங்க வுட்டாலும்
காசிமேட்டுக்குத்தான் வரும்."

கையெல்லாம் எஞ்சின் ஆயில்.
துடைத்துவிட்டுக் கொடு என்றேன்.