மூன்றாம் தராசு

இரவு 11:42. திரையின் கடைசி வரி:
கணக்கு முடிந்தது.
அதற்குக் கீழே ஒன்றும் இல்லை.

நண்டு எடை, கிலோ விலை, ஐஸ் பிடித்தம்,
ஆள்வாரியாகக் கூலி, வங்கிக்குப் போகும் கோப்பு
எல்லாம் சரி. இரண்டு முறை கூட்டிப் பார்த்துவிட்டேன்.
வேலை முடித்த நிரல்
எழுந்து போகாமல் உட்கார்ந்திருக்கிறது.

"நேத்து ஒண்ணு, முந்தாநாள் ஒண்ணு,
வரிசையா ஏழு கெடக்கு தாயி,
மெசினு மூச்சு வாங்குது.
பிளக்கைப் புடுங்கிருவேன்" என்றார் பிச்சைக்கனி.
புடுங்கத்தான் செய்கிறார், வெள்ளிதோறும்.
புடுங்கியதும் எல்லாம் சரியாகிவிடுகிறது.
அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

மண்டபம், நண்டுக் கம்பெனியின் மாடி அறை.
கச்சான் காற்று ஜன்னல் கொக்கியோடு மல்லுக்கட்டுகிறது.
கழுவிவிட்ட தரையிலிருந்து ஓட்டு நாற்றம் மேலேறி வருகிறது.
ஓடிக்கொண்டிருக்கும் நிரலுக்குள் விளக்கடித்துக் கேட்கிறேன்:
யார் யார் இன்னும் இருக்கிறீர்கள்?

முதன்மை இழை வாசலில், சாவியோடு,
கடைசி ஆள் வெளியே வந்தால் பூட்டிவிட.
வேதாளைத் தராசின் இழை போய்விட்டது.
பெரியபட்டினம் போய்விட்டது.
புதுமடம்:
வரி 214. அடுத்த எடைக்குக்
காது கொடுத்து நிற்கிறது.
எவ்வளவு நேரம் என்று நான் எழுதவில்லை.
எழுதாவிட்டால்
எப்போதும் என்று பொருள்.

நடுராத்திரியில் நல்லம்புவை எழுப்பினேன்.
"புதுமடமா? கொட்டகையவே பிரிச்சுட்டாகளே, ஆடியில.
ஒங்ககிட்ட யாரும் சொல்லலையா?"
யாரும் சொல்லவில்லை.
நானும் நிரலிடம் சொல்லவில்லை.

டீமன் என்று ஒரு சொல் சேர்த்தால் போதும்,
தலை போனதும் இழையும் கூடவே உயிரை விடும்.
விரல் அங்கேதான் போனது.
பாதி எழுதிய வரியில் அறுந்தால்?
பாத்திமுத்துவின் நாலு கிலோ முந்நூறு கிராமில்
அந்த முந்நூறு எங்கே போகும்?
போன மாதம் படியேறி வந்து
ஐந்து ரூபாய்க்கு என்னோடு சண்டை போட்டாள்.
அவள் கணக்குதான் சரி.

ஆக, கையில் இருப்பதை எழுதி முடிக்கவிட்டு,
இனி இல்லை என்று அதனிடம் சொல்ல வேண்டும்.
ஒரு சொல்தான். எழுத வரமாட்டேன் என்கிறது.
இந்தக் கரையில் யாரும் போறேன் என்பதில்லை.
கடலுக்குப் போகிறவன், கத்தாருக்குப் போகிறவன்,
டீ குடிக்கப் போகிறவன்கூட
வாரேன் என்றுதான் செருப்பை மாட்டுகிறான்.
அதே வாயோடுதான் நிரலையும் எழுதியிருக்கிறேன்.

வரி 214:
இருபது நிமிடம். அதன்பின், இனி வராது.

ஓட்டினேன். வேதாளை. பெரியபட்டினம்.
பிறகு ஒன்றுமே இல்லாத இருபது நிமிடம்.
ஓர் எடை வந்து விழுந்துவிடுமோ என்று
முட்டாள்போல் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

1:46.
கணக்கு முடிந்தது.
அதற்குக் கீழே, ஆடிக்குப் பிறகு முதல் முறையாக,
வெறும் டாலர் குறி.

பழைய ஏழையும் எண் பார்த்து
ஒவ்வொன்றாக நிறுத்திக்கொண்டிருந்தபோது
நல்லம்புவின் குரல் செய்தி:
"யக்கா, அந்தத் தராசு எங்க வீட்டுலதான் கெடக்கு,
கட்டிலுக்கடியில. சார்ஜு போட்டேதான் வச்சிருக்கேன்.
பச்சை லைட்டு எரியுது.

அணைச்சிரவா?"