வெள்ளமடம் தாண்டி

தருமபுரியில் மாற்றல் ஆணை கைக்கு வந்தபோது
ஆசாரிப்பள்ளம் என்ற பெயரை
மூன்று முறை எழுத்துக்கூட்டிப் படித்தேன்.
ரத்தப் பரிசோதனைக் கூடம். பணியில் சேர ஏழு நாள்.
வீடு பார்க்க ஒரே ஒரு ஞாயிறு.

தரகர் நேசையன் ஸ்கூட்டரை அணைக்காமலே பேசுவார்.
முதலில் ஒழுகினசேரி.
பெயருக்குப் பழுதில்லாமல்
படுக்கையறை மூலையில் ஒரு வாளி வைத்திருந்தார்கள்.
“அது போன வருசத்து வாளியாக்கும்” என்றார்.

பிறகு வெள்ளமடம் தாண்டி
புதிதாய்ப் பிரித்த மனைகளில்
மூன்று வீடு, இது நாலாவது.
பளீரென்ற டைல்ஸ், காருக்கு இடம், மாமரத்துக்கு ஒரு குழி.
“வெள்ளத்துக்கு இங்க ஒரு குறையும் கெடயாது,
பேடிக்காண்டாம்.”
நான் பேடித்தேன்.
எந்த மாதம் வரும் என்று கேட்டேன்.
“பன்னெண்டு மாசமும் வரும், குழாயத் தொறந்து பாருங்க.”
திறந்த பிறகுதான்
இந்த ஊரில் வெள்ளம் என்றால்
குடிப்பது என்று புரிந்தது.
குடித்தேன்.
பல்லில் மஞ்சள் கோடு எழுதும் எங்கள் ஊர்த் தண்ணீர்.
இதற்கு எழுதத் தெரியாது போலிருந்தது.

மொட்டை மாடியில் நின்றால்
ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று மொத்தமும்
என் துப்பட்டாவைக் குறிவைத்தே வந்தது.
நேசையன் கையிலிருந்த பத்திர நகல் பறந்து
வாழைத்தோப்பில் இறங்கியது.
அதைப் பிடிக்க அவர் ஓடிய ஐந்து நிமிடத்தில்
மூன்று வீட்டுக் கதவும் திறந்தன.
“சார் வரலியா?”
“மஸ்கட்டா? அப்பம் தனியாவா இருப்பிய?”
மூன்றாவது வீட்டில் ஒன்றும் கேட்கவில்லை,
பார்த்துக்கொண்டே நின்றார்கள்.

கடைசியாக வடசேரி.
கனகமூலம் சந்தைக்குப் பின்னால்,
பேட்டரிக் கடைக்கு மேலே இரண்டரை அறை,
ஒத்திக்கு ஐந்து லட்சம்.
ஜன்னலைத் திறந்தால் அடுத்த கட்டடத்தின் சுவர்,
அதில் எப்போதோ தோற்ற ஒருவரின் பாதிச் சின்னம்.
அழுகிய முட்டைக்கோஸும் புது மல்லியும்
ஒரே மூச்சில் மாடி ஏறின.
படியில் அரைமணி நேரம் நின்றேன்.
ஏறினவர்கள் இறங்கினவர்கள் இருபது பேராவது இருக்கும்.
யாரென்று ஒருவரும் கேட்கவில்லை.
ஒரு பையன் மட்டும் “அக்கா, தள்ளுங்க” என்றான்.
அந்தத் தள்ளுங்க எனக்குப் பிடித்திருந்தது.

வீடியோவில் சென்னகேசவன்:
“காரை எங்க நிறுத்துவ?”
“எந்தக் கார்?”
“வாங்கப்போற கார்.”
வாங்காத காருக்கு வெயில் படாமலிருக்க
நான் இரவுப் பணி முடிந்து
இரண்டு பஸ் மாறி
விளக்கில்லாத மண்பாதையில் நடக்க வேண்டும்.
இதைச் சொல்லவில்லை.
பார்க்கலாம் என்றேன்.
மஸ்கட் போய்ச் சேர்வதற்குள் அது சரி என்று ஆகியிருந்தது.
மறுநாள் காலை
பேட்டரிக் கடைக்காரரிடம் முன்பணத்தை எண்ணிக் கொடுத்தேன்.

எட்டு மாதம் ஆகிறது.
அமில வாடை தலையணை வரைக்கும் வந்துவிட்டது.
மழை பெய்தால் தெரிவதில்லை,
கீழே குடைகள் விரியும் சத்தம்தான் மழை.
இரவு பத்தரைக்குப் பால் வாங்கப் போகிறேன்,
வீட்டில் பால் இருக்கிற நாளிலும்.

போன சனிக்கிழமை திருநெல்வேலி பஸ்.
வெள்ளமடம் தாண்டியதும் தலை தானாகத் திரும்பியது.
அந்த வீட்டுக்கு ஆள் வந்துவிட்டது.
காருக்கான இடத்தில்
மூன்று சக்கரச் சைக்கிள் ஒன்று கவிழ்ந்து கிடந்தது.
மாடிக் கொடியில் நீலப் போர்வை
கயிற்றைவிட்டு எழும்பி எழும்பிப்
போகப் பார்த்தது.
ஒற்றைக் கிளிப்தான் போட்டிருந்தார்கள்.
அந்தக் காற்றுக்கு நாலு வேண்டும்.

ஆரல்வாய்மொழி வரும்வரை
நாலாவது கிளிப்பை
எந்த மூலையில் போடுவதென்று
யோசித்துக்கொண்டே போனேன்.